ஏலகிரி இறக்கமும் ஹெவி ட்யூட்டி மூடநம்பிக்கையும்

ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், வாணியம்பாடி... எந்த ஊர் சைக்கிள் கடையில் போய் நின்று "ஏலகிரி ஏறி இறங்கணும், நல்ல ட்யூபா குடுங்கண்ணா" என்று கேட்டாலும் பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான். "ஹெவி ட்யூட்டி போட்டுக்கோ தம்பி, ஒண்ணும் ஆகாது."

எவ்வளவு ஹெவி? எத்தனை மி.மீ. தடிமன்? எந்த அகல டயருக்கு? இதையெல்லாம் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, பல பெட்டிகளின் மேல் அது அச்சிடப்பட்டே இருக்காது. "ஹெவி ட்யூட்டி", "எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கூத்து நடக்கிற ஊரைப் பாருங்கள். பக்கத்திலேயே ஆம்பூர், வாணியம்பாடி. ஊரே தோலில் வாழ்கிறது. அங்கே ஒரு ஷூ கம்பெனியில் போய் "சார், இது ஹெவி தோல், நம்பி வாங்குங்க" என்று யாராவது சொல்லிவிட முடியுமா? கேஜை எடுத்து வைத்து மி.மீ. பார்ப்பார்கள். மேல்பாகத்துக்கு ஒரு தடிமன், அடிப்பாகத்துக்கு வேறு தடிமன். ஆட்டுத்தோல் மெல்லிசு, ஆனாலும் மேல்பாகத்துக்கு அதைத் தேடி வாங்குகிறார்கள். தடிமன் வேறு, உழைப்பு வேறு என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம். அதே பையன் சைக்கிள் கடைக்குப் போனதும் எல்லாம் மறந்து போகிறது.

சரி, ட்யூப்தானே, பஞ்சரானால் ஒட்டிக்கொண்டால் போச்சு என்று கேட்கலாம். சமதரையில் போச்சுதான். பொன்னேரியிலிருந்து ஏறுகிற ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இறங்கும்போது முன் சக்கரத்தில் சட்டென்று காற்று போனால் சைக்கிள் திரும்பாது. டயர் ரிம்மில் வழுக்கி, வண்டி வளைவின் வெளிப்பக்கத்துக்குப் போய்விடும். அந்தப் பக்கம் பஸ் ஏறி வந்துகொண்டிருக்கலாம். பின் சக்கரத்தில் போனால் வண்டி வாலாட்டும், ஆனாலும் எப்படியாவது நிறுத்திவிடலாம். ஆகவே பேச்சு பஞ்சர் ஒட்டுகிற காசைப் பற்றியது அல்ல.

இப்போது அந்த "ஹெவி" விஷயத்துக்கு வரலாம். மலைச் சைக்கிளுக்கு வருகிற சாதாரண ப்யூட்டைல் ட்யூபின் சுவர் ஏறக்குறைய 0.8 அல்லது 0.9 மி.மீ. இருக்கும். டவுன்ஹில் ட்யூப் என்று விற்பது 1.5 மி.மீ. பக்கம், எடையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காற்றில்லாமல் பெட்டியில் கிடக்கும்போது இருக்கிற தடிமன் இது. டயருக்குள் ஊதியபின் ரப்பர் விரிகிறது, விரிந்தால் மெலிகிறது. 1.5 அங்குல டயருக்கான ட்யூபை 2.4 அங்குல டயருக்குள் போட்டு ஊதினால் சுற்றளவு 1.6 மடங்கு ஆகிறது. 0.9 மி.மீ. ரப்பர் 0.56க்கு வந்து நிற்கும். பெயர் ஹெவி ட்யூட்டி, உள்ளே பலூன்! கடையில் "26தானே, எல்லாம் ஒண்ணுதான்" என்று எடுத்துக் கொடுப்பதன் விளைவு இது. 26 எல்லாம் ஒன்றும் இல்லை. மலைச் சைக்கிளின் 26 அங்குலத்துக்கு ரிம் அளவு 559 மி.மீ., சாதா சைக்கிளின் 26 x 1⅜க்கு 590 மி.மீ. அகலமும் வேறு, சுற்றளவும் வேறு. டயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இந்த எண் இருக்கும். கடைக்குப் போகுமுன் அதைக் குறித்துக்கொண்டு போக ஒரு நிமிஷம் ஆகுமா? பெரிய ட்யூபை சின்ன டயருக்குள் திணிப்பதும் தப்பு. மடிப்பு விழும், மடிப்பிலேயே ஒரு நாள் கீறும்.

அடுத்த மூடநம்பிக்கை முள். இந்தப் பக்கம் சாலையோரத்தில் சீமைக் கருவேலம் நிறையவே உண்டு. அதன் முள் அங்குலக் கணக்கில் நீளம். 1.5 மி.மீ. ரப்பர் அதை என்ன செய்துவிடும்? முள்ளைத் தடுக்க வேண்டியது டயர். தடி ட்யூப் தடுப்பது வேறொன்றை. கல்லில் மோதும்போது டயர் அமுங்கி, ரிம் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். பாம்புக் கடி என்று சொல்வது அதைத்தான். கல் பாதையில் இறங்குகிறவருக்குத் தடி ட்யூப் கொஞ்சம் உதவும். கொஞ்சம்தான். அதைவிட அதிகம் உதவுவது காற்று.

காற்று விஷயத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கனடா மலையில் எவரோ இறங்குகிற வீடியோவைப் பார்த்துவிட்டு "அவங்க 25 பி.எஸ்.ஐ.தான் வைக்கிறாங்க, கிரிப் சூப்பரா இருக்கும்" என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் ட்யூப்லெஸ், இரட்டை அடுக்கு டயர், அகல ரிம், சிலவற்றில் உள்ளே நுரை வளையம் வேறு. அத்தனையும் இருந்தும் போகத்தான் செய்கிறது. 2014ல் ஆஸ்திரியாவின் லியோகாங் உலகக் கோப்பையில் ஆரன் க்வின் டயர் போய் வெறும் ரிம்மிலேயே கீழே வரை இறங்கினார். ட்யூப் போட்ட சாதா மலைச் சைக்கிளில் 65, 70 கிலோ ஆள் 2.1 அங்குல டயரோடு கல்லில் இறங்குகிறார் என்றால் 35 பி.எஸ்.ஐ. பக்கம் இருந்தால்தான் ட்யூப் பிழைக்கும். தார் ரோடு என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து "ம், கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்வதெல்லாம் அளவு ஆகாது. மீட்டர் வைத்த பம்ப் வாங்குகிற காசு தடி ட்யூபுக்குக் கொடுக்கிற காசைவிட நல்ல செலவு.

ஏலகிரிக்கென்றே ஒரு தனிப் பிரச்சினை உண்டு, சூடு. இந்தப் பக்கம் ஓடுகிற சைக்கிள்களில் பாதிக்கு மேல் ரிம்மைப் பிடிக்கிற பிரேக் கட்டைதான். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, உயரம் 600 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொண்டால் செலவழிய வேண்டிய ஆற்றல் 500 கிலோஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கொஞ்சத்தைக் காற்று எடுத்துக்கொள்ளும். பயந்து பயந்து பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருகிறவருக்கு மிச்சம் பெரும்பாலும் ரிம்மில் இறங்கும்.

ட்யூப் வெடித்ததும் "காத்து சூடாகி விரிஞ்சிடுச்சு" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 36 பி.எஸ்.ஐ. காற்று 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் 44 சொச்சம் ஆகும். டயர் ஓரத்தில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு நெருக்கமாகக் காற்று அடிக்காதவரை அதனால் மட்டும் நல்ல டயர் வெடிக்காது. சூட்டில் இளகுவது வேறு. நேற்று ஒட்டிய பேட்சின் சொல்யூஷன் இளகும். ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் மட்டமான ரிம் டேப் இளகி நகரும், நகர்ந்ததும் ட்யூப் அந்தக் குழிக்குள் பிதுங்கும். ஓட்டை ட்யூபின் உள்பக்கத்தில், அதாவது ரிம் பக்கத்தில் இருந்தால் முள்ளைத் தேடிப் பயனில்லை, குற்றவாளி டேப்தான். எத்தனை பேர் ட்யூப் மாற்றும்போது டேப்பைப் பார்க்கிறார்கள்? நாலு தடவை ட்யூப் மாற்றி, கம்பெனியைத் திட்டி, கடைசியில் டேப்பை மாற்றினால் சரியாகிவிடும். டிஸ்க் பிரேக் வண்டிக்கு ரிம் சூடாகாது என்பதால் இந்தத் தொல்லை குறைவு. பாம்புக் கடி அதற்கும் உண்டு.

இதற்கு நேர் எதிரான பைத்தியமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விலை உயர்ந்த வண்டியோடு வந்து இறங்குகிறவர்களிடம் இருக்கும் டி.பி.யு. ட்யூப். 100 கிராம்கூட இருக்காது, பிளாஸ்டிக் பை மாதிரி இருக்கும். ஏறும்போது சுகம்தான், மறுக்க முடியாது. ஆனால் அதில் சிலவற்றை ரிம் பிரேக் வண்டிக்குப் போடாதே என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். பஞ்சர் கடை சொல்யூஷனும் அதில் ஒட்டாது, அதற்கென்று தனி பேட்ச் வேண்டும். பொன்னேரியில் அது எங்கே கிடைக்கும்? 1937ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த ப்யூட்டைல் ரப்பர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது சும்மா இல்லை. இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு காற்றைப் பிடித்து வைக்கும், சூட்டைத் தாங்கும், எந்த மரத்தடிக் கடையிலும் உப்புத்தாள் தேய்த்து ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். ட்யூப்லெஸ் போடு என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்லதுதான், அதற்கேற்ற ரிம் இருந்தால். இந்த வெயிலில் உள்ளே இருக்கும் திரவம் சில மாதத்தில் காய்ந்துவிடும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாதா இரும்பு ரிம் வைத்திருக்கும் பள்ளிக்கூடப் பையனிடம் போய் அந்த அறிவுரை எதற்கு?

வால்வையும் யாரும் பார்ப்பதில்லை. பைக்குக்கு இருக்கிற மாதிரி ஷ்ரேடர் வால்வு என்றால் ரிம்மில் 8.5 மி.மீ. ஓட்டை, ஒல்லியான பிரெஸ்டாவுக்கு 6.5. பெரிய ஓட்டையில் ஒல்லி வால்வைச் செருகினால் அது ஆடி ஆடி அடிப்பக்கம் அறுந்துவிடும். அந்தக் கிழிசலுக்கு ஒட்டே கிடையாது, ட்யூபையே எறிய வேண்டியதுதான். இந்த ஊருக்கு ஷ்ரேடர் உத்தமம், பெட்ரோல் பங்க்கிலும் காற்று பிடிக்கலாம். ஆனால் பங்க் மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிவிட்டு, அப்புறம் ட்யூபைக் குறை சொல்லக் கூடாது.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? டயர் ஓரத்து எண்ணுக்குச் சரியாகப் பொருந்துகிற ப்யூட்டைல் ட்யூப், பெட்டியில் மி.மீ. அல்லது கிராம் போட்ட கம்பெனி. தார் ரோட்டில் மட்டும் இறங்குகிறவருக்கு 0.9 மி.மீ. தாராளம். நிலாவூர் பக்கம் கல்லும் வேருமாக இருக்கிற தடத்தில் இறங்குகிறவர் 1.2 அல்லது 1.5க்குப் போகட்டும், அதையும் பின் சக்கரத்துக்கு முதலில். கல்லில் அதிகம் அடி வாங்குவது அதுதான். முன் சக்கரத்துக்கோ ஒட்டே போடாத ட்யூப். இங்கே வழக்கம் தலைகீழ்: சீக்கிரம் தேய்கிறது என்று நல்லதையெல்லாம் பின்னால் போட்டு, மூன்று ஒட்டு வாங்கிய கிழவனை முன்னால் அனுப்புகிறார்கள்.

இறங்கும்போது பாதியில் ஒரு இடத்தில் ஓரமாக நிறுத்தி ரிம்மில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். கையை வைக்க வேண்டாம், சுடும். தண்ணீர் புஸ்ஸென்று ஆவியானால் பத்து நிமிஷம் உட்கார வேண்டியதுதான். உட்காருகிற இடத்தில் பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் வெளியே எடுக்க வேண்டாம், குரங்குகள் ஜாஸ்தி :-)