பெயரும் பொருளும்

அமெரிக்க நாட்டில் இறைச்சிக்கென வளர்க்கப்படும் மாடுகளிற் பெரும்பாலானவை இளமையில் புல் மேய்கின்றன. கடைசி மாதங்களிலோ பட்டியில் அடைபட்டு, மக்காச்சோளம் முதலிய தீனியால் கொழுக்க வைக்கப்படுகின்றன. இறுதிவரை புல்லே தின்னும் மாடு எடை கூட அதிக நாள் பிடிக்கும்; ஆதலின் விலையும் மிகுதி. கொழுப்புக் குறைந்த அவ்விறைச்சியை வாங்குவோர் மேய்ச்சலை நம்பி வாழ்வோருக்குத் துணை செய்கின்றனர். நாம் அதனை வரவேற்கிறோம்.

ஆனால் 'புல்லுணவு' என்னும் பெயருக்கு 2007ஆம் ஆண்டில் இலக்கணம் வகுத்த அந்நாட்டு வேளாண்மைத் துறை, 2016இல் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே, பெயரை மட்டும் பாராது, வாழ்நாள் முழுதும் புல்லா என்று கேட்டு வாங்குதலே முறை.

கைத்தறி என்ற பெயரில் விசைத்தறித் துணி விற்கப்படுவதைக் கண்ட நம் நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பெயர் பொய்த்தால் முதலில் நலிபவர் நேர்மையாக உழைப்பவரே.