மடுவத்தில் ஏசாதீர்கள், மலையில் சொல்லிக்கொடுங்கள்



கொழுந்து மடுவத்தில் நடப்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா கூடையைக் கொட்டுகிறார். முப்பது வருடம் அதே மலையில் கொழுந்து எடுத்தவர். கணக்கப்பிள்ளை கையை விட்டுக் கிளறுகிறார். நாலு முற்றல் இலை அகப்படுகிறது. அவ்வளவுதான். மகன் வயதுள்ள அந்த ஐயா, "ஏய், இது கொழுந்தா, மாட்டுக்குப் புல்லா? கண்ணு தெரியலைன்னா வீட்டுலயே கெட!" என்று நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஏசுகிறார். தராசில் காட்டியதில் இரண்டு கிலோ வெட்டு. அன்றைக்கு அந்த அம்மாவுக்கு அரைப்பேர்.

இத்தனை ஏச்சிலும் அவருக்குச் சொல்லப்படாத விடயம் ஒன்று உண்டு. எந்த இலை பிழை, ஏன் பிழை, நாளைக்கு எப்படி எடுப்பது என்பதுதான் அது. அவமானம் மட்டும் வீட்டுக்கு வந்தது. வேலை திருந்த ஒரு வார்த்தையும் வரவில்லை.

கேட்டால், "ஏசாவிட்டால் இந்தச் சனம் வேலை செய்யாது" என்கிறார்கள். இந்தப் பேச்சு கங்காணி கையில் பிரம்பு இருந்த காலத்தில் பிறந்தது. துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. முதலாளி மாறி மாறி வந்தான். மடுவத்துப் பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

நாம் சொல்வதை யாரும் திரிக்க வேண்டாம். கெட்ட கொழுந்தைக் கண்டும் காணாமல் இருங்கள் என்று நாம் கேட்கவில்லை. முற்றல் இலை சேர்ந்தால் தேயிலையின் தரம் கெடும், ஏலத்தில் விலை விழும், அந்த அடி கடைசியில் நம் வயிற்றில்தான் விழும். ஆகவே "பாவம்" என்று வாயை மூடிக்கொள்ளும் கங்காணியும் நமக்கு நல்லவர் அல்ல. காலையில் மலையில் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, அந்தி நிறுவையில் கிலோ வெட்டும்போது பார்த்துக்கொண்டு நிற்பது இரக்கமா?

குறையை உள்ளபடி சொல்ல வேண்டும். ஆளை மதித்துச் சொல்ல வேண்டும். நிரைக்குள் வந்து பக்கத்தில் நின்று, "அக்கா, இந்த இலையத் தொட்டுப் பாருங்க, தடிச்சுப் போச்சு. ரெண்டு இலையும் அரும்புமா எடுங்க" என்று காட்டிக்கொடுக்கும் கங்காணிமாரும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய மலையில் வேலை நின்றுவிட்டதா?

இன்னொன்று. குறை யாருடையது என்றும் பார்க்க வேண்டும். ஏழு நாளில் திரும்பி வர வேண்டிய மலைக்கு, ஆள் இல்லை என்று பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அனுப்பினால் இலை முற்றாமல் என்ன செய்யும்? 2021 இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. செடிக்கு உரம் இல்லை, கொழுந்து இல்லை. ஆனால் கிலோ குறைந்ததென்று ஏச்சு வாங்கியது கொழுந்தெடுத்த பெண்தான். சொல் மேலிருந்து கீழே மட்டும் வந்தால் இப்படித்தான் நடக்கும். கீழிருந்து மேலேயும் சொல்ல வழி வேண்டும்.

இனி நம் வீட்டையும் பார்ப்போம். கணக்கைத் தவறவிட்ட பிள்ளையை, "உனக்குக் கூடைதான் லாயக்கு" என்று ஏசிய ஆசிரியர்கள் நமக்குள்ளேயே இருக்கிறோம். அந்தச் சொல் பிள்ளையை மட்டுமா சுட்டது? அந்தக் கூடையைச் சுமந்து அவனைப் படிக்க வைக்கும் தாயையும் அல்லவா சுட்டது! சங்கக் கூட்டத்தில் சந்தாக் கணக்கைக் கேட்கும் பெண்ணை, "நீ உட்காரும்மா" என்று அடக்கும் தலைவர்மாரும் நம்மிடம் உண்டு. துரையிடம் மரியாதை கேட்கும் நாம் அதை முதலில் நமக்குள் கொடுக்க வேண்டாமா?

2019 இல் சர்வதேச தொழில் தாபனம் 190 ஆம் இலக்க சமவாயத்தை நிறைவேற்றியது. வன்முறையும் தொல்லையும் இல்லாமல் வேலை செய்வது ஒவ்வொருவருடைய உரிமை என்கிறது அது. மனதை நோகடிக்கும் நடத்தையையும் அது விட்டுவைக்கவில்லை. ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல.

நாம் கேட்பவை இவை:

பிழையை மலையில், அந்த நேரத்திலேயே, அந்த ஆளிடமே சொல்ல வேண்டும். மடுவத்தில் கூட்டத்துக்கு முன் ஏசக் கூடாது.

இலையின் குறையைச் சொல்லலாம். பிறப்பையும் குடும்பத்தையும் வயதையும் இழுக்கக் கூடாது. "ஏய்", "வாடி", "போடி" இனி வேண்டாம்.

கிலோ வெட்டினால் எத்தனை, ஏன் என்று எழுதித் தர வேண்டும். தராசு நமக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்.

அரைப்பேர் போடும் முன் அந்தத் தொழிலாளியின் பேச்சைக் கேட்க வேண்டும்.

மாதம் ஒரு நாள் பிரட்டுக்களத்தில் நம் குறைகளை நிர்வாகம் கேட்க வேண்டும். சங்கக் கூட்டத்திலும் பெண்கள் முதலில் பேச வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதையே முதல் விடயமாக எடுங்கள். மடுவத்தில் ஒரு சகோதரியை ஏசும்போது, தலையைக் குனிந்துகொண்டு நம் கூடையை மட்டும் பார்த்து நிற்க வேண்டாம். ஒருவர் பக்கத்தில் போய் நின்று, "ஐயா, பிழை இருந்தா காட்டிக் குடுங்க, ஏச வேணாம்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் அது வாய்க்கொழுப்பு என்பார்கள். நாற்பது பேரும் சொன்னால் கேட்டே ஆக வேண்டும்.