தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?
படிகாரம் செய்யும் வேலையும், செய்யாத வேலையும்

கர்நாடகத்தில் பிறந்து தமிழ்நாட்டுக்குள் வருகிறது தென்பெண்ணை ஆறு. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையைத் திறந்தால், சில சமயம் தண்ணீர் தெரிவதில்லை. மலை மலையாக நுரைதான் தெரிகிறது! பெங்களூர்ப் பக்கத்துச் சாக்கடையும், சோப்பு நீரும், ஆலைக் கழிவும் ஆற்றில் கலப்பதே காரணம்.

தண்ணீர் கலங்கினால் படிகாரம் போடுவது நம் வீட்டு வழக்கம். நுரை ஆற்றுக்கும் அது போதுமா?

எப்படித் தெளிகிறது?

படிகாரம் (சீனாக்காரம்) ஓர் அலுமினிய உப்பு. தண்ணீரில் உள்ள மண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அதனால் கீழே படியாது. படிகாரம் போட்டால் அவை ஒட்டிக்கொண்டு, பஞ்சு போலத் திரண்டு, அடியில் தங்கிவிடும்.

இதன் உறவுக்கார உப்பு, அலுமினியம் சல்பேட். குடிநீரையும் ஆலைக் கழிவு நீரையும் தெளிய வைக்கவும், காகிதம் செய்யவும், துணியில் சாயம் பிடிக்கவும் இது உதவுகிறது.

ஆனால் படிகாரம் எல்லாக் கிருமியையும் ஒழிக்காது. தெளிந்த நீரையும் காய்ச்சியே குடிக்க வேண்டும். ஆலைக் கழிவு கலந்த நீரோ, காய்ச்சினாலும் குடிக்க உதவாது.

கண்ணுக்குத் தெரியாத கேடு

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல ஊர்க் கிணற்று நீர் பளிங்கு போல இருக்கும். ஆனால் அதில் பாறையிலிருந்து கரைந்த புளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பல்லில் கறை படியும். மிகவும் அதிகமானால் எலும்பும் கெடும். இதற்காகவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது.

படிகாரத்துடன் சுண்ணாம்பு சேர்த்துப் புளோரைடைப் பிரிக்கும் முறையை நாகபுரி 'நீரி' ஆராய்ச்சி நிலையம் 1970-களில் கண்டது. அதற்கும் நீரைச் சோதித்து அளவு கணக்கிட வேண்டும். கை போன போக்கில் போடக்கூடாது.

அளவு தவறினால்?

இங்கிலாந்தில் கேமல்போர்டு என்ற ஊர். 1988 ஜூலை 6-ந் தேதி, லாரியில் வந்த 20 டன் அலுமினியம் சல்பேட் கரைசல் தவறான தொட்டியில் கொட்டப்பட்டது. சுமார் 20 ஆயிரம் பேரின் குடிநீர் கெட்டது. வாந்தி, பேதி, வாய்ப்புண்! உண்மையை ஜனங்களுக்குச் சொல்ல 2 வாரத்துக்கு மேல் ஆயிற்று.

தொழிலாளர் கவனத்துக்கு

இந்தக் கரைசலுக்கு அமிலக் குணம் உண்டு. இரும்பை அரிக்கும், கண்ணைக் கெடுக்கும். கண்ணாடியும் கையுறையும் அவசியம். கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான நீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் இதை வைக்கவே கூடாது. இரண்டும் ஈரத்தில் கலந்தால் குளோரின் விஷ வாயு கிளம்பும்.

குடத்து நீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரியச் சோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.