இளைப்பு நோயாளர்க்கு ஓய்வு மருந்தாகுமா?

நெடுநாட் சுவாச நோயுற்றார் ஒருவர் வீட்டிலிருப்பின், சுற்றத்தார் அவர்க்குச் செய்யும் முதல் உபசாரம் அவரை ஒரு நாற்காலியில் அமர்த்திவிடுதலேயாம். "தாத்தா, நீங்கள் எழ வேண்டா, தண்ணீர் நான் கொண்டு வருகிறேன்" என்பான் பேரன். மாடியிற் கிடந்த கட்டில் கீழே வரும்; கடைவீதிக்குச் செல்லும் வழக்கம் நின்றுபோம். இவ்வுபசாரம் அன்பினின்று பிறப்பதே. ஆயினும், அஃது அவருடைய கால்களின் வலிமையை நாளடைவில் அழித்து, மூச்சிளைப்பையும் மிகுவித்து, அவரது வாழ்வை ஓர் அறையளவாகச் சுருக்கிவிடுகின்றது என்பதே ஈண்டு யாம் வற்புறுத்தக் கருதும் பொருள்.

ஸி. ஓ. பி. டி. என வைத்தியர் வழங்கும் இந்நோய், புகைபிடித்தலாலும், விறகும் வறட்டியும் எரிக்கும் அடுப்பின் புகையாலும், தொழிற்சாலைத் தூசியாலும் வருவது. 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் மக்கள் இதனால் மாண்டனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. மூச்சுக்குழல்கள் குறுகி, காற்றுச் சிற்றறைகள் சிதைகின்றன. சிதைந்தவற்றைப் புதுக்கும் மருந்து இன்றளவும் இல்லை. குழல்களை விரிக்கும் இன்ஹேலர் மருந்துகள் பேருதவி புரிவன. அவற்றைக் குறைகூறுதல் எம் கருத்தன்று.

ஆனால் நோய் நுரையீரலோடு நின்றுவிடுவதன்று. ஒருவர் ஒரு வினாடியில் எவ்வளவு காற்றை ஊதி வெளியேற்றுகிறார் என்று கருவி கொண்டு அளப்பது வைத்தியர் வழக்கம். அவ்வளவு ஒன்றாகவே உள்ள இருவருள் ஒருவர் சந்தைக்குச் சென்று மீள்வதும், மற்றவர் குளிக்கும் அறைக்குச் செல்லவே திணறுவதும் உண்டு. இவ்வேற்றுமைக்குக் காரணம் பலகாலும் தொடையில் உள்ளது. நாம் நாற்காலியினின்று எழவும் படியேறவும் துணைசெய்வது தொடையின் முன்புறத்துப் பெருந்தசை. அதன் வலிமை குன்றிய நோயாளர் விரைவில் இறக்கின்றனர் என்றும், ஆயுளை முன்னறிதற்கு ஊதும் காற்றின் அளவினும் அத்தசையின் வலிமையே சிறந்த குறி என்றும் லண்டன் மருத்துவர் 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று.

இது நிகழுமாறு யாங்ஙனம் எனின், மூச்சு முட்டுதலை அஞ்சி நோயாளர் நடையைக் குறைக்கின்றார். வேலையற்ற தசை மெலிகின்றது. அதிலுள்ள, நெடுநேரம் உழைக்கவல்ல நார்கள் குறைந்து, விரைவிற் சோரும் நார்கள் மிகுகின்றன. அத்தகைய தசை சிறிது நடந்த அளவிலேயே லாக்டிக் அமிலத்தை மிகுதியாகச் சுரக்கும். அதனாற் பெருகும் கரியமிலவாயுவை வெளியேற்ற இன்னும் வேகமாக மூச்சு வாங்கவேண்டும். ஆகவே இளைப்பு முன்னிலும் விரைவில் வருகின்றது. நோயாளர் முன்னிலும் மிகுதியாக அஞ்சுகின்றார்.

இந்நோயாளரின் உடலிலேயே இதற்கு மறுதலையான ஒரு சான்றும் உண்டு. மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானம் அல்லும் பகலும் மிகைச்சுமையோடு உழைக்கின்றது. அதில் நெடுநேரம் உழைக்கும் நார்களே பெருகுகின்றன! ஒரே உடல், ஒரே நோய், ஒரே குருதி. உழைக்கும் தசை ஒரு வழியும் ஓய்ந்த தசை வேறு வழியும் செல்கின்றன. தொடையின் நலிவை முழுதும் நோயின் தலைமேற் சுமத்துதல் எங்ஙனம் பொருந்தும்? இனி, நுரையீரலையே மாற்றிப் புதிதாகப் பொருத்திக்கொண்டவரும் உண்டு. புதிய நுரையீரல் செம்மையாக வேலைசெய்யினும், அவர் தம் உடலாற் செய்யக்கூடிய உச்ச உழைப்பு பெரும்பாலும் இயல்பளவிற் பாதியை ஒட்டியே நிற்கின்றது. நுரையீரல் புதிது, கால்கள் பழையன.

ஓய்வே மருந்து என்னும் கொள்கை எளிதில் அசைந்ததன்று. அமெரிக்காவில் டென்வர் நகரத்து வைத்தியர் சார்லஸ் டெனிஸன் 1895லேயே நுரையீரல் நோயாளர்க்குத் தேகப்பயிற்சி வேண்டுமென எழுதினார். நியூயார்க்கில் ஆல்வன் பாராக் 1952இல் அதனையே வற்புறுத்தினார். கேட்டவர் சிலரே. நம் சென்னையும் இவ்வரலாற்றில் இடம்பெறும். க்ஷயரோகம் வேறு நோயாயினும், அதற்கும் படுக்கை ஓய்வு இன்றியமையாதது என்றே பல தலைமுறைகள் நம்பின. சென்னையில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவு 1959இல் வெளிவந்தபோது, நெருக்கமான ஏழை வீடுகளில், குறைந்த உணவோடும் மிகுந்த நடமாட்டத்தோடும் இருந்து மருந்துண்டவர், சானடோரியத்திற் படுத்திருந்து அதே மருந்துண்டவரை ஒப்பவே குணமடைந்தனர் எனத் தெரிந்தது. கேள்வியின்றிப் போற்றப்பட்ட ஓய்வு சோதனைக்கு உட்பட்டதும் தன் பெருமையை இழந்தது.

ஸி. ஓ. பி. டி. நோயாளர்க்குப் பயிற்சியளித்தலைப் பற்றி 65 பரிசோதனைகளைத் தொகுத்த ஆய்வுரை 2015இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்றவரின் மூச்சிளைப்பும் அயர்ச்சியும் குறைந்தன; நடக்கும் தூரம் கூடிற்று. ஊதும் காற்றின் அளவு ஏறக்குறைய முன்போலவே இருந்தும் வாழ்வு உயர்ந்தது என்பதே இதில் வியக்கத்தக்கது. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவப் பள்ளியில் இயற்றிய ஒரு வினாத்தாள், படியேறல், உடுத்தல், பிறரோடு பழகல் முதலியவற்றை வினவி, நோயின் சுமையை 0 முதல் 100 வரை மதிப்பிடுகின்றது. நான்கு எண் குறைந்தால் நோயாளர் தாமே வேற்றுமையை உணர்வர் என்பர். எம் மதிப்பில், நோயாளர் ஒருவர்க்கு இத்தகைய வினாக்களே உண்மையான அளவுகோல். ஊதுகுழலின் எண் வைத்தியர்க்கு வேண்டுவது.

இதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டா. நடப்பதற்கு ஒரு நீண்ட தாழ்வாரம், எழுந்தமர ஓர் உறுதியான நாற்காலி, கணுக்காலிற் கட்ட மணற்பை, அருகில் இருந்து நாடியையும் குருதியின் பிராணவாயு அளவையும் பார்க்க ஒருவர். இவை எந்த ஜில்லா ஆஸ்பத்திரியிலும் கிடைப்பன. வாரம் இருமுறையோ மும்முறையோ, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை பயிலவேண்டும். அடுக்களையில் நாள்முழுதும் நிற்கும் பெண்ணுக்குப் பயிற்சி எதற்கு என்பார் உளர். நிற்றல் வேறு, சுமையேற்றித் தசையை வலுப்படுத்தல் வேறு. மெலிந்தவர்க்கு உணவும் கூட்டவேண்டும். உணவின்றிப் பயிற்சி மட்டும் விதித்தல் கொடுமையாகும். இருதய நோயுடையவரும், திடீரென நோய் முற்றியவரும் வைத்தியரைக் கேளாது தொடங்குதல் தகாது.

எனினும் உலகமெங்கும் இப்பயிற்சியைப் பெறுவோர் மிகச் சிலரே. நோய் முற்றி ஆஸ்பத்திரியிற் படுத்த சில நாட்களுக்குள்ளேயே தொடைத்தசை மேலும் நலிகின்றது. அந்நிலையில் வீடு திரும்புவோர் கையிற் பெரும்பாலும் மருந்துச் சீட்டு ஒன்றே இருக்கின்றது. அச்சீட்டில், இன்ஹேலரை எத்தனை முறை இழுப்பது என எழுதும் இடத்திலேயே, நாற்காலியினின்று எத்தனை முறை எழுந்தமர்வது, எத்தனை நிமிஷம் நடப்பது என்பனவும் எழுதப்படல் வேண்டும். அடுத்த முறை வரும்போது அவற்றை வைத்தியர் தவறாது கேட்கவும் வேண்டும். பயிற்சியை விட்டால் அதன் பயன் ஓராண்டுக்குள்ளாகவே பெரிதும் தேய்ந்துபோவதால், ஒருமுறை எழுதியதோடு நில்லாது, ஒவ்வொரு சீட்டிலும் அதனை மீண்டும் எழுதுதல் அவசியம்.