பாலாடை பிடிக்க ஆம்பளைக்குக் கை இல்லையா?

நடவுக்கும் களைக்கும் போற பச்சைப்புள்ளைக்காரி, பத்து மணிக்கே மார் கட்டி, வேலையைப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடுறா. அரை நாள் கூலி போச்சு. பீச்சி வச்சுட்டுப் போனா அப்பனே புகட்டலாமேன்னா, "ஆம்பள பால் புகட்டுறதா? அசிங்கம்"கிறாங்க.

என்னங்க அசிங்கம்? எழுந்து நிக்க முடியாத கன்னுக்குட்டிக்குச் சீம்பால் கறந்து புகட்டுறவனும் ஆம்பளதான். சொந்தப் புள்ளைன்னா மட்டும் கை கூசுதாம்!

பட்டணத்துல இருக்கிறவங்க இதுக்கு மிஷின் வேணும்னு நினைக்கிறீங்க. வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவின கையாலேயே, கொதிநீர்ல போட்டெடுத்த டம்ளர்ல பீச்சலாம். 25 டிகிரிக்குள்ள 4 மணி நேரம் தாங்கும். நம்ம வெயிலுக்கு இன்னும் சீக்கிரமே கொடுத்துடணும். ஃபிரிட்ஜுல 4 நாள். அடுப்புல காய்ச்சாதீங்க, வெந்நீர்ல டம்ளரை வச்சு வெதுவெதுப்பானாப் போதும். பாட்டிலை விடப் பாலாடை கழுவ லேசு. காலையிலயும் ராத்திரியும் தாய்மடிதான். பகலுக்கு மட்டும் இது. எடுக்க எடுக்கத்தான் சுரக்கும், தேங்கினா கட்டிக்கும்.

முதல் 6 மாசம் தாய்ப்பால் மட்டும்னு டாக்டர்கள் சொல்றாங்க. அதுக்காக 2017-ல சட்டத்தைத் திருத்தி, நிறுவனத்துல வேலை பார்க்கிற பொம்பளைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு கொடுத்தாங்க. வயக்காட்டுக் கூலிக்காரிக்கு எந்த முதலாளி கொடுப்பான்? அவளுக்கு இருக்கிற ஒரே ஒத்தாசை புருஷன்தான். அவனும் கௌரவம் பார்த்தா, பசியில அழறது அவன் புள்ளைதான்.

சுரக்கிறது தாயால மட்டும்தான் முடியும். புகட்டுறதுக்கு யார் கையா இருந்தா என்ன?