வலப்பக்கம் தானாகத் தேறாது

“இடப்பக்க வால்வைச் சரிசெய்தால் போதும், வலப்பக்கம் தானாகத் தேறிவிடும்.” இதயநோய் விழிப்புணர்வுக் கூட்டங்களில் பல வருடங்களாக இதைக் கேட்டுக் கேட்டு எரிச்சல்தான் மிஞ்சுகிறது. இடப்பக்கத்து மைட்ரல் வால்வு ஆபரேஷன் நன்றாக முடிந்து வீடு திரும்பியவர்களில் சிலர், ஆண்டுகள் கழித்துக் கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, நீர் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அந்த நிலைக்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

ஆதாரம் கேட்டால் 1967-ல் நீனா பிரான்வால்டும் சகாக்களும் ‘சர்குலேஷன்’ இதழில் எழுதிய கட்டுரையை நீட்டுகிறார்கள். மைட்ரல் வால்வை மாற்றியபின் பலருக்கு வலப்பக்க ட்ரைகஸ்பிட் வால்வின் லீக் குறைந்தது என்பது அதன் சாரம். அந்த வால்வின் இதழ்கள் பதிந்திருக்கும் வளையத்தை எக்கோவில் மில்லிமீட்டர் கணக்காக அளக்கும் வசதி அன்று கிடையாது. அரை நூற்றாண்டு கழித்தும் அதையே வேதமாக ஓதுவது சோம்பேறித்தனம்.

வலது வெண்ட்ரிக்கிள் (இதயத்தின் வலப்பக்கக் கீழறை) வெறும் வழித்தடம், அது தளர்ந்தாலும் பாதகமில்லை என்று இன்னொரு வாதம். 1943-ல் ஸ்டார் குழுவினர் நாய்களின் வலது வெண்ட்ரிக்கிள் சுவரைச் சுட்டுச் சிதைத்தும் சிரை அழுத்தம் பெரிதாக ஏறவில்லையாம். அவை நல்ல நுரையீரல் கொண்ட நாய்கள். வாதக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு சுருங்கி, பல ஆண்டுகளாக நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிக் கிடக்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

“லீக் கொஞ்சம்தான் இருக்கிறது, எதற்குத் தொட வேண்டும்?” இந்தக் கேள்விதான் அதிகம் கெடுக்கிறது. லீக் நாளுக்கு நாள் மாறும். நீர் மாத்திரை கொடுத்து உடம்பை வற்றவைத்தால் குறையும். மயக்க மருந்தில் ரத்த அழுத்தம் இறங்கினால் இன்னும் குறையும். ஆபரேஷன் மேசையில் “லேசான லீக்” என்று தெரிந்தது, அதே ஆள் எழுந்து நடமாடிச் சாப்பிடத் தொடங்கியபின் பெரிதாகலாம். வளையம் அப்படி ஏறி இறங்குவதில்லை. ட்ரைகஸ்பிட் வளையத்தின் ஒரு பக்கம் இதயத்தின் நடுச்சுவரை ஒட்டிய உறுதியான நார்த்திசுவில் பதிந்திருக்கிறது. மறுபக்கத்தைத் தாங்குவது வெண்ட்ரிக்கிளின் வெளிச்சுவர். அந்த அறை பெரிதாகும்போது அந்தப் பக்கம்தான் விரிந்துகொண்டு போகிறது. இதழ்கள் ஒன்றையொன்று எட்டாமல் போகின்றன, லீக் கூடுகிறது, லீக்கால் அறை மேலும் பெரிதாகிறது. மைட்ரலைச் சரிசெய்தால் அழுத்தம் இறங்கும். பல ஆண்டு விரிந்த வளையம் அதனால் சுருங்கிவிடும் என்று நம்ப முடியாது.

2005-ல் டிரேஃபஸ் என்பவரின் ஆய்வுக் குழு, மைட்ரல் ஆபரேஷனுக்கு வந்த 311 நோயாளிகளை வைத்து இதைக் காட்டியது. அவர்கள் லீக்கைப் பார்த்து முடிவெடுக்கவில்லை, ஆபரேஷனின்போது வளையத்தையே அளந்தார்கள். 70 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விரிந்திருந்தவர்களுக்கு வளையத்தை இறுக்கினார்கள். மற்றவர்களுக்கு மைட்ரல் மட்டும். பின்னாளில் லீக் பெரிதும் கூடியது யாருக்கு? இறுக்காமல் விட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு. அதாவது, வளையம் அவ்வளவு விரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு! தானாகத் தேறும் என்பவர்கள் இந்த முடிவை மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை.

ட்ரைகஸ்பிட்டைத் தொட்டால் வலது வெண்ட்ரிக்கிளின் நீளவாட்டு அசைவு குறைந்துவிடுகிறதே என்கிறார்கள். ட்ரைகஸ்பிட்டைத் தொடாத பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகும் எக்கோவில் அந்த அசைவு குறைகிறது. ஆகவே பழியை வால்வைத் தொட்டதன் மேல் மட்டும் போட முடியாது.

வளையத்தை இறுக்கினால் பேஸ்மேக்கர் தேவைப்படுவது கூடும் என்கிறார்கள். அது உண்மை. 401 பேரை வைத்து நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், வளையத்தையும் சரிசெய்தவர்களில் 14.1 சதவீதத்தினருக்கு அது தேவைப்பட்டது, செய்யாதவர்களில் 2.5 சதவீதம். அதே ஆய்வில் இரண்டே ஆண்டுகளில் லீக் மோசமாவது வெகுவாகக் குறைந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிற்பாடு ட்ரைகஸ்பிட்டுக்காக மட்டும் மறுபடி நெஞ்சைத் திறப்பது பேஸ்மேக்கர் வைப்பதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

இடப்பக்க வால்வுக்கு ஆபரேஷன் நடக்கும்போது, லீக் குறைவாக இருந்தாலும் எக்கோவில் ட்ரைகஸ்பிட் வளையம் 40 மில்லிமீட்டரைத் தொட்டிருந்தால் அதையும் சரிசெய்வதைப் பரிசீலிக்கச் சொன்னது 2021 ஐரோப்பிய வழிகாட்டுதல். ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்பே அந்த அளவை எக்கோ அறிக்கையில் எழுதி, நோயாளியின் வீட்டாரிடம் சொல்லுங்கள்.