நிமிஷத்துக்கு 30 சொல்

அடுத்த தெருவில் நூலகவியலில் பி.லிப். முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் வேலைவாய்ப்பு அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அங்கிள், செமி புரொபஷனல் அசிஸ்டென்ட், புரொபஷனல் அசிஸ்டென்ட்னு ரெண்டு போட்டிருக்காங்களே, எது பெருசு?" என்று கேட்டாள். முடிச்சூரில் வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவனிடம்தான் இந்த மாதிரி சந்தேகமெல்லாம் வந்து சேரும்.

இரண்டாவதுதான் பெரிது. கீழே அட்டெண்டன்ட், அப்புறம் லைப்ரரி அசிஸ்டென்ட், அதற்கு மேல் இந்த இரண்டும். மூத்த உதவியாளர் என்று நாம் சொல்வது இவற்றில் மேல்படியில் இருப்பவரைத்தான். எம்.லிப். முடித்து 2 ஆண்டு அனுபவம், அல்லது பி.லிப். முடித்து 3 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அதையும் தாண்டி உதவி நூலகர் ஆக வேண்டுமானால் எம்.லிப்.பில் 55 சதவீதமும் நெட் தேர்வும் வேண்டும். அது பேராசிரியர்கள் வரிசையில் வருகிற பதவி. சம்பளமும் வேறு, மரியாதையும் வேறு.

லைப்ரரி அசிஸ்டென்ட் பதவிக்கு எதிரே ஒரு வரி இருந்தது: ஆங்கிலத்தில் நிமிஷத்துக்கு 30 சொல் தட்டச்சு. அளக்க முடிகிறது, அதனால் கேட்கிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்தபின் செய்யவேண்டிய வேலையை அளக்கக் கருவி கிடையாது.

ஒரு மாணவன் வந்து சிலப்பதிகார உரை ஒன்று வேண்டும் என்கிறான். கணினியில் ஆங்கிலத்தில் தட்டுகிறான், எதுவும் வரவில்லை. 'எஸ்' போட்டுத் தொடங்கினால் ஒரு கூட்டம் புத்தகங்கள், அமெரிக்க நூலக முறைப்படி 'சி' போட்டால் இன்னொரு கூட்டம், நடுவே ஒரு 'எச்' சேர்த்தால் வேறு ஏழெட்டு. ஆசிரியர் பெயர் இன்னும் மோசம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலை முன்னால் வைப்பதா பின்னால் தள்ளுவதா என்று பதிவு செய்தவர் அன்றைக்கு நினைத்ததுதான் சட்டம். எழுத்தாளர் மு.வ. எத்தனை விதமாக அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அனுபவப்பட்ட உதவியாளருக்குத்தான் தெரியும். அவர் திரையைக்கூடப் பார்க்காமல், "மூணாவது ரேக்ல பாருப்பா" என்பார்.

ரேக்கில் இருந்தால் சரி. நூல்களை எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. முதல் இலக்கத்தைக் கவனிக்காமல் அடுக்கினால் புத்தகம் எங்கோ போய்விடும்; பதிவேட்டில் இருக்கும், கைக்குக் கிடைக்காது. பரீட்சை நேரத்தில் பொருளாதாரப் புத்தகத்தை விலங்கியலுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் புண்ணியவான்களும் உண்டு. காலையில் கூட்டம் வருமுன் வரிசை வரிசையாக முதுகு எண்ணைப் படித்துச் சரிசெய்வது உதவியாளர் வேலைதான். கழுத்து வலிக்கிற வேலை.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது ஆய்வேட்டுச் சோதனை. எழுதியதில் எவ்வளவு பிறருடையது என்று மென்பொருள் கணக்குச் சொல்கிறது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்கிறது யுஜிசியின் 2018 விதி. 28 வந்த ஆய்வாளர் மேசைக்கு முன்னால் நின்று, "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சார்" என்று கெஞ்சுவார், ஏதோ காய்கறி விலை மாதிரி. தேறிய ஆய்வேட்டை ஷோத்கங்கா தளத்தில் ஏற்றுவதும் பெரும்பாலும் நூலகத்தின் தலையில்தான்.

இந்தத் தகுதிப் பட்டியலுக்கெல்லாம் தாத்தா எஸ்.ஆர். ரங்கநாதன். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தபோது அவரிடம் நூலகப் பட்டம் எதுவும் கிடையாது. மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர். சேர்ந்த சில நாளிலேயே தனிமை தாங்காமல், பழைய வேலையே போதும் என்று திரும்பப் பார்த்தார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். போன இடத்தில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்துத்தான் அவருடைய கோலன் நூல் பகுப்புமுறைக்கு யோசனை பிறந்தது என்பார்கள். 1931இல் வந்த அவருடைய ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இன்றைய அறிவிப்பின்படி விண்ணப்பித்திருந்தால் முதல் சுற்றிலேயே கழித்துக்கட்டியிருப்பார்கள். பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டப் படிப்பைத் தொடங்கிவைத்ததே அவர்தானே. வேலைக்கு எடுத்தபின் கற்றுக்கொடுக்கிற பழக்கம் போனதுதான் வருத்தம்.

அளக்க முடியாத அந்த வேலையறிவை நேரில் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தது பலருக்கு நினைவிருக்கும். தண்ணீர் வடிந்ததும் ஊறிப்போன புத்தகங்களை மொட்டைமாடி வெயிலில் பரப்பப் போனேன். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர், பல்கலைக்கழக நூலகத்தில் மூத்த உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓடிவந்து தடுத்தார். வெயில் பட்டால் அட்டை வளைந்துவிடும், ஊறினதைப் பிரிச்சா கிழியும் என்றார். நிழலில் காற்றோட்டமாகச் செங்குத்தாக நிறுத்தி, ஈரம் சற்று வற்றியதும் இடையிடையே பழைய செய்தித்தாளைச் செருகி மாற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார். வழவழத் தாள் புத்தகங்கள் காய்ந்தால் பலகையாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு முதல் கவனிப்பு. கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. பூஞ்சை பிடிக்க இரண்டு நாள் போதும் என்று விரட்டிக்கொண்டே இருந்தார்.

எல்லாவற்றையும் காப்பாற்ற அவர் விடவில்லை. "இதுல திரும்பக் கடையில கிடைக்காதது எது, அதை மட்டும் எடுங்க" என்றார். அகராதியும் பிள்ளைகளின் கைடுகளும் குப்பைக்குப் போயின. அப்பா கையெழுத்தில் இருந்த இரண்டு நோட்டுகளை அவரே தனியாக எடுத்து வைத்தார்.